முதல் வாய்

கொண்டுபோனவர்தான் முதலில் தின்று காட்ட வேண்டும்.
அது அங்கத்தைய சட்டம்.
அந்த மேசையடியில் அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.
அதனால் ஆறு வயதில் அந்த வேலை
எனக்கு வந்தது.

குருநகரில் பின்னேரம் வெளிக்கிட்டு
யாழ்ப்பாணம் நிலையத்தில் இரவு பஸ் பிடிப்போம்.
பழுதாகாதிருக்கத் தேங்காய்ப்பூ குறைத்து அவித்த புட்டு,
பொரித்த மீன், தட்டை வடை.
பையின் சூடு கவுனைத் தாண்டித் தொடையில் ஏறும்.
ஓமந்தையில் எல்லாரையும் இறக்கி ஏற்றுவார்கள்.
அநுராதபுரம் போய்ச் சேரும்போது
சூடு போயிருக்கும்.

மேசை. ஈயத் தட்டு.
சைக்கிள் கம்பிபோல் ஒரு கம்பி.
அது புட்டைக் குத்தும், மீனைக் குத்தும்,
வாழைப்பழத்தையும் விடாது.
பிறகு காவலர் என்னைப் பார்த்து
"கன்ன" என்பார்.
தின் என்று அர்த்தம்.
நான் படித்த முதல் சிங்களச் சொல்.
விழுங்கியதும்
"கட்ட அரின்ன."
வாயைத் திறக்க வேண்டும்.
நாக்கை உயர்த்தவும் வேண்டும்.

இரட்டை வலைக்கு அப்பால் அப்பா
புகைப்படத்தில் அசைந்துவிட்ட ஆள்போல் இருப்பார்.
இருபக்கமும் நாற்பது பேர் கத்துவார்கள்.
யாருடைய அப்பா யாருக்குப் பதில் சொல்கிறார்
என்பதே தெரியாது.

ஆனால் ஒருமுறை கடிதம் வந்தது,
இரண்டு வரி கறுப்பால் அடித்திருந்தது,
மிச்சத்தில் இது:
"பிள்ளை, வடையில கடிச்ச தடம் பாத்தனான்.
நடுவில ஒரு துண்டு கடிபடாமல் நிக்குது.
முன்பல்லு விழுந்திட்டுதோ?"

விழுந்துதான் இருந்தது.
கூரையில் எறிந்து மூன்று நாள்.

எனக்கு வருசத்துக்கு மூன்று தவணை.
அப்பாவின் வழக்குக்குத் தவணை
கணக்கில்லை.
நீதவான் மாறினார், சட்டத்தரணி மாறினார்,
அம்மாவின் காதில் தோடு போய்
வேப்பங்குச்சி வந்தது.
தம்பி நிறோஜன் இரண்டுதரம் வந்தான்,
பிறகு பஸ் மணத்தால் சத்தி வருகுது என்றான்.
நாங்கள் அவனை வற்புறுத்தவில்லை.

மெறிசியாவின் பிறந்தநாளில்
கேக்கை, றோல்ஸை, அவளின் கோப்பையிலிருந்த பலூடாவைக்கூட
ஒவ்வொன்றாக எடுத்து வாயில் வைத்துவிட்டேன்.
எல்லாருக்கும் முன்னம்.
"என்ன பழக்கம் பிள்ளை இது?"
அவளின் தாய் கேட்டா.
நான் வாயைத் திறந்து காட்டினேன்.

பதினான்கு வயதில் ஒரு சனிக்கிழமை.
இல்ல விளையாட்டுப் போட்டி அன்று,
நானூறு மீற்றர் இறுதி,
நான் ஓடியிருக்க வேண்டிய நேரத்தில்
அந்த மேசைக்கு முன் நிற்கிறேன்.
"கன்ன."
தின்றேன்.
ஒரு வடை, இரண்டாவது வடை,
ஐந்தையும் தின்றேன்.
காவலருக்குச் சிரிப்பு.
வலைக்கு அப்பாலிருந்து அப்பா கத்தினார்:
"இண்டைக்கு என்ன கொண்டு வந்தனீங்கள்?"
"ஒண்டுமில்லை" என்றேன்.
"அது பரவாயில்லை" என்றது கேட்டது.
வேறு யாரும் சொன்னதாகவும் இருக்கலாம்.

எனக்குப் பத்தொன்பது நடக்கும்போது விட்டார்கள்.
ஒழுங்கைப் பெடியள் வெடி கொளுத்தினார்கள்.
பாதர் வந்தார், ஜெபித்தார், போனார்.
அப்பா நான் நினைத்ததைவிடக் கட்டை.
கதவுகளுக்கு முன்னால் நின்று
யாரும் திறக்கும்வரை காத்திருந்தார்.

இரவு அம்மா சோறு போட்டா.
குத்தரிசி, ஒட்டி மீன் குழம்பு,
பதின்மூன்று வருசத்தில் முதல்முறையாக ஆவி பறக்க.
அப்பா தொடவில்லை.
கை இரண்டும் மடியில்.
"உப்புக் கூடிப்போச்சோ?"
இல்லையென்று தலையாட்டினார்.
"ஆறப்போகுதப்பா."
அவர் கோப்பையைக் கொஞ்சம் தள்ளினார்,
எந்தப் பக்கம் என்பது
அவருக்கே தெரிந்திருக்காது.
நிறோஜன் போனைக் கீழே வைத்தான்.

நான் எழும்பிப் போய்
அவர் கோப்பையில் ஒரு பிடி எடுத்துத் தின்றேன்.
குழம்பு நாக்கைச் சுட்டது.
விழுங்கினேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
நான் வாயைத் திறந்து
நாக்கை உயர்த்தினேன்.

அப்பா நன்றாகக் குனிந்து பார்த்தார்,
பற்களை எண்ணுகிறவர்போல.
பிறகு
சாப்பிடத் தொடங்கினார்.